தனிக் கிண்ணமும் பொதுக் கலமும்

அந்நிய நாடொன்றுக்குச் செல்லும் யாத்திரிகனின் கருத்தை முதலிற் கவர்வன அந்நாட்டின் மாளிகைகளோ மலைகளோ அல்ல. அங்குள்ள மக்கள் உண்ணும் உணவும், அதனை அவர்கள் உண்ணும் முறையுமே எனலாம். ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன்னர் சீன தேசத்திலிருந்து நமது இலங்கைக்கு வந்து, இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்த பாஹியான் என்னும் பௌத்தத் துறவி, தமது பிரயாண நூலில் அநுராதபுரத்தின் விகாரைகளை வருணித்ததோடு நின்றுவிடவில்லை. துறவிகள் பொதுக் களஞ்சியத்திலிருந்து உணவு பெற்றதையும், அரசன் நகரத்தில் ஐயாயிரம் ஆறாயிரம் பேருக்கு அன்னம் வழங்கியதையும், அவர்கள் தத்தம் பாத்திரத்தை ஏந்திச் சென்று நிரப்பிக்கொண்டு மீண்டதையும் கவனமாகக் குறித்து வைத்தார். நம் முன்னோர் உண்ட முறையைச் சீனர் ஒருவர் அன்று உலகுக்கு எடுத்துரைத்தார். சீன மக்கள் உண்ணும் முறையைப் பற்றி இன்று நாம் சிறிது பேசுவது அதற்கு ஒரு கைம்மாறாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சித்திரை விடுமுறையின்போது, மூன்று வாரகாலம் அந்நாட்டிற் பிரயாணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்ட முதற் கேள்வி, "அங்கே பாம்பும் தவளையும் தின்கிறார்களாமே, மெய்தானா?" என்பதாகும். தென்பகுதியில் அத்தகைய உணவுகளை உண்போர் உண்டு என்பது உண்மையே. காட்டு விலங்குகளின் இறைச்சியை உண்பதை 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சீன அரசு தடைசெய்தது என்பதும் உண்மையே. ஆனால் நூற்று நாற்பது கோடி மக்கள் நாள்தோறும் உண்பது அதுவன்று. தானியமும், கீரையும், காய்கறியும், சோயா அவரையும், முட்டையும், மீனும், கோழியும், பன்றியிறைச்சியுமே அவர்தம் அன்றாட உணவு. விநோதமான பண்டங்களை மட்டும் தேடிப் பார்க்கும் யாத்திரிகன், ஒரு வீட்டின் கூரையை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்போரை அறிந்துகொண்டேன் என்று சொல்பவனுக்கு ஒப்பாவான். உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மனிதரையே நாம் பார்த்தல் வேண்டும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். சீன தேசத்தைக் குறுக்கே வகுக்கும் கோடு ஒன்றுண்டு. மேற்கே சின்லிங் மலைத்தொடரும் கிழக்கே ஹுவாய் ஆறும் சேர்ந்து அமைத்த கோடு அது. அதற்கு வடக்கே மழை குறைவு, குளிர் கடுமை; ஆகவே அது கோதுமை நிலம். தெற்கே நீர் மிகுதி. அது நெல் நிலம். கோதுமைக்கும் முற்பட்ட காலத்தில் வடபுலத்து மக்களைக் காத்த தானியம், நம் குறிஞ்சி நிலத்தார் நன்கறிந்த தினையேயாகும். தினையை முதன்முதலிற் பயிரிட்டுப் பழக்கியோர் வடசீன மக்களே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தெற்கிலோ, சம்பா நாட்டிலிருந்து வந்த விரைவில் முதிரும் நெல் வகையை 1012 ஆம் ஆண்டில் சென்சொங் பேரரசர் யாங்சி ஆற்றுப் பகுதிகளிற் பரப்பினார். அதனால் இருபோகம் விளைந்தது; குடிகள் பெருகினர்; நகரங்கள் வளர்ந்தன.

இந்த வேற்றுமை இன்றும் கண்கூடு. முன்னாளிற் சாங்கான் எனப் பெயர்பெற்று விளங்கிய சியான் நகரில் நான் தங்கியிருந்தபோது, காலையில் நீராவியில் அவித்த வெண்மையான பாணும் தினைக் கஞ்சியும், நண்பகலில் கையால் இழுத்து நீட்டிய நூடில்சும் கிடைத்தன. சோற்றைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தெற்கே, முன்னாளிற் காண்டன் என வழங்கிய குவாங்சோ நகரிலோ சோறின்றி வேளை கழிவதில்லை. அங்கே அரிசிக் கஞ்சி காலை உணவாகும். அக்கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், போர்த்துக்கேயர் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற 'கஞ்சி' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே என்பதை நேயர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

வடக்கும் தெற்கும் தானியத்தால் வேறுபடினும், உண்ணும் முறையால் ஒன்றுபட்டுள்ளன. சீனர் தம் உணவை இரண்டாக வகுப்பர். ஒன்று 'ஃபான்', மற்றையது 'த்ஸாய்'. 'ஃபான்' என்பது சோறு. பொதுவாகத் தானிய உணவு. 'த்ஸாய்' என்பது அதனோடு சேர்த்து உண்ணும் கறி வகை. நாம் 'சோறு கறி' என்று கூறுவதும் இதுவே. இவற்றுள் முதன்மை சோற்றுக்கே. கறி எத்தனை வகை இருப்பினும் அது சோற்றுக்குத் துணையாவதே வழக்கம். விருந்திலே மட்டும் இம்முறை மாறிக் கறி முந்தும். 'ஃபான்' என்னும் சொல்லுக்கே சோறு என்றும், ஒரு வேளை உணவு என்றும் இரு பொருள் உண்டு. பழந்தலைமுறையினர் தெருவில் ஒருவரையொருவர் கண்டால், நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, "சாப்பிட்டாயிற்றா?" என்றே கேட்பர். நம் கிராமங்களிலும் இதே கேள்விதான். பசியை அறிந்த மக்களுக்கு இதனினும் மேலான நல விசாரணை வேறில்லை.

இப்பேச்சின் மையமான கருத்தை இங்கே சொல்லிவிடுகின்றேன். சீனரின் மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் உள்ள சோறு அவருக்கே உரியது. ஆனால் கறிகள் நடுவே பொதுவான கலங்களில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் எதுவும் எவருக்கும் தனியுரிமை அன்று. சோறு தனது, கறி எல்லாருக்கும் பொது. தனிக் கிண்ணமும் பொதுக் கலமும் ஆகிய இவ்விரண்டின் சேர்க்கையே சீனக் குடும்ப வாழ்வின் அமைப்பு என்பது நான் கண்டு தெளிந்த கருத்து. இவ்விரண்டுள் ஒன்று அழிந்தபோதெல்லாம் அம்மக்கள் துன்புற்றனர் என்பதையும் பின்னர்க் காண்போம்.

பொதுக் கலத்திலிருந்து உண்பதற்கு ஏற்ற கருவியே அவர்கள் கையாளும் இரு குச்சிகள். ஆதியில் அவை சமையலுக்கே பயன்பட்டன. பின்னரே உண்ணும் கருவியாயின. மேசையில் கத்திக்கு இடமில்லை. வெட்டுவதும் நறுக்குவதும் சமையலறையோடு முடிந்துவிடும். முறையாக நறுக்கப்படாத இறைச்சியைக் கன்பூசியஸ் உண்ணார் என்று அவருடைய சீடர் மரபு கூறும். இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் விறகு அரிது. காயையும் இறைச்சியையும் சிறு துண்டுகளாக்கி, நம் தாச்சி போன்ற குழிந்த இரும்புச் சட்டியில் பெருந்தீயிலே சில நிமிடங்கள் கிளறி எடுத்தால் எரிபொருள் மிஞ்சும். காயின் நிறமும் சுவையும் கெடா. செங்டு நகரில் ஒரு சிறு உணவுச்சாலையின் அடுக்களையைப் பார்க்கும் அநுமதி கிடைத்தது. சமையற்காரர் அரைமணி நேரம் நறுக்கினார். அடுப்பில் வேலை மூன்று நிமிடங்களில் முடிந்துவிட்டது.

பொதுக் கலம் என்றால் ஒழுங்கின்மை என்று பொருளன்று. மேசையில் வாயிலை நோக்கிய ஆசனம் மூத்தவருக்கோ விருந்தினருக்கோ உரியது. மூத்தவர் குச்சியை எடுக்கும் வரை இளையோர் காத்திருப்பர். வேண்டிய துண்டைத் தேடிக் கலத்தைக் கிளறுதல் இழிவு. தன் பக்கத்தில் உள்ளதையே எடுத்தல் வேண்டும். குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்துதல் பெருங் குற்றம். இறந்தோர் முன் ஏற்றப்படும் ஊதுபத்தியை அது நினைவூட்டும். தனக்கு விருப்பமான துண்டை எடுத்துத் தான் உண்ணாது பக்கத்திலிருப்பவர் கிண்ணத்தில் வைத்தலே அன்பின் அடையாளம். தாய் மகனுக்கும், மருமகள் மாமிக்கும், வீட்டுக்காரர் விருந்தினருக்கும் இவ்வாறு வைப்பர். வாயால் அன்பைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே குறைவு. சொல்லாத அன்பு முழுவதும் அந்தக் குச்சிகளின் நுனியில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

எச்சில் என்னும் கருத்தோடு வளர்ந்த நமக்கு, வாயிற்பட்ட குச்சி மீண்டும் பொதுக் கலத்துக்குச் செல்வது கூச்சத்தை உண்டாக்கும். இக்கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. சீன மருத்துவர்களுக்கும் எழுந்ததுண்டு. பினாங்கில் 1879 ஆம் ஆண்டு பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்ற வூ லியென்-தே என்னும் அறிஞர், 1910-11 ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவிற் பரவிய கொடிய கொள்ளைநோயை அடக்கப் பாடுபட்டவர். உண்போர் எழாமலும் குனியாமலும் கறியை எடுத்துக்கொள்ள உதவும் சுழலும் தட்டும், ஒவ்வொரு கலத்துக்கும் தனியான பரிமாறும் கருவியும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்று சீன விருந்துகளிற் காணும் சுழல் மேசை வெறும் அலங்காரமன்று. நோயையும் கருதி முன்வைக்கப்பட்ட ஏற்பாடு அது. 2003 ஆம் ஆண்டுச் சுவாச நோயின் பின்னரும், 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் பின்னரும் அரசு பொதுக் குச்சிகளைப் பயன்படுத்துமாறு மீண்டும் மக்களை வேண்டியது. உணவுச்சாலைகள் ஏற்றுக்கொண்டன. வீடுகளிலோ, "உன் தாயின் குச்சிக்கு நீ அஞ்சுவாயா?" என்னும் எண்ணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

இனித் தேநீரைப் பற்றிச் சிறிது கூறுவோம். எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே தனி நூல் இயற்றினார். ஃபுஜியென் மாகாணத்துக் கரையோர மொழியில் 'தே' எனவும், ஏனைய பகுதிகளில் 'சா' எனவும் அது பெயர் பெறும். நாம் 'தேயிலை' என்று கூறும்போது முன்னையதையும், 'சாயா' என்று கூறும்போது பின்னையதையும் நம்மை அறியாமலே வழங்குகின்றோம். சீனர் தேநீரிற் பாலும் சீனியும் சேர்ப்பதில்லை. தேயிலை இல்லாதபோதும் அவர்கள் அருந்துவது சுடுநீரே. புகையிரத நிலையத்திலும், பாடசாலையிலும், மருத்துவமனையிலும் சுடுநீர்க் குழாய் இருக்கும்; பிரயாணிகள் தம் போத்தல்களை அங்கே நிரப்பிக்கொள்வர். காய்ச்சிய நீரையே அருந்தும் இப்பழக்கம் எத்தனையோ நோய்களைத் தடுத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

குவாங்சோ நகரத்துக் காலைத் தேநீர்ச்சாலைகள் சமூக வாழ்வின் ஒரு முக்கிய நிலையமாகும். விடிந்ததும் முதியோர் அங்கே கூடுவர். மூங்கிற் கூடைகளில் அவித்த சிறு பலகாரங்கள் வரும்: இறால் வைத்த கொழுக்கட்டை, அரிசிமாவுச் சுருள், இனிப்பு உருண்டை முதலியன. மூன்று தலைமுறையினர் ஒரே மேசையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பர். ஒருவர் தேநீர் ஊற்றினால், பெறுபவர் மேசையில் இரு விரல்களால் மெல்லத் தட்டி நன்றி கூறுவார். மாறுவேடத்தில் உலாவிய சியென்லுங் பேரரசர் தம் ஊழியருக்குத் தேநீர் ஊற்றினாராம். மன்னரை வணங்கினால் உண்மை வெளிப்படுமென்று அஞ்சிய ஊழியர் விரல்களை மடக்கித் தட்டி வணக்கஞ் செய்தாராம். கதை மெய்யோ பொய்யோ, வழக்கம் இன்றும் நின்று நிலவுகின்றது.

வெளிநாட்டிலிருந்து வந்ததைத் தமதாக்கிக்கொள்வதிலும் சீனர் வல்லவர். செங்டு நகரம் இருக்கும் சிசுவான் மாகாணத்து உணவு காரத்திற்குப் பேர்பெற்றது. ஆனால் அக்காரத்தைத் தரும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீன நூல்களில் அதனைப் பற்றிய குறிப்பு 1591 ஆம் ஆண்டிலேதான் தோன்றுகின்றது. போர்த்துக்கேயர் வருமுன் நம் அடுக்களையிலும் மிளகாய் இருந்ததில்லை அன்றோ? அதே அமெரிக்காவிலிருந்து வந்த வற்றாளங்கிழங்கும் சோளமும் மலைச்சரிவு மக்களைப் பஞ்சத்தினின்றும் காத்தன. சியான் நகரத்து முஸ்லிம் மக்கள் ஆட்டிறைச்சி இரசத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு உண்பர். ரொட்டியைச் சிறு துணுக்குகளாகப் பிய்க்கும் வேலை உண்பவருடையதே. பேசிக்கொண்டே அரைமணி நேரம் பிய்ப்பர். பௌத்த விகாரைகளிலோ புலால் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் லியாங் வம்சத்து வூ பேரரசர் துறவிகள் புலால் நீக்க வேண்டுமென வற்புறுத்திய காலந்தொட்டு, சோயாவை உறையவைத்துச் செய்யும் 'தோஃபு', காளான், கீரை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் வளர்த்த சைவச் சமையல் வியக்கத்தக்கது. நம்மவர் எவரும் அங்கே பட்டினி கிடக்க நேராது.

இதுகாறும் நிறைந்த மேசையைப் பற்றிப் பேசினோம். வெறுமையான மேசையைப் பற்றியும் பேசுதல் கடமை. அறுபது வயதைக் கடந்த சீனர் ஒருவரோடு உணவருந்தினால், அவர் தம் கிண்ணத்தில் ஒரு பருக்கையையும் விட்டுவைக்க மாட்டார் என்பதைக் காணலாம். அதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது.

1958 ஆம் ஆண்டில் மாவோவின் தலைமையில் 'பெரும் பாய்ச்சல்' என்னும் இயக்கம் தொடங்கிற்று. கிராமங்கள் கம்யூன்களாகச் சேர்க்கப்பட்டன. வீட்டுச் சமையல் நின்றது. பொதுச் சமையற்கூடங்களிலே அனைவரும் உண்ண வேண்டுமென விதிக்கப்பட்டது. பல இடங்களில் வீட்டுச் சட்டிகளும் இரும்பு உருக்கும் உலைகளுக்குச் சென்றன. முதற் சில மாதங்கள் வயிறார உணவு கிடைத்தது. ஆனால் அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்தி மேலிடத்துக்கு அறிவித்தனர். அப்பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. உழவருக்கு எஞ்சியது சொற்பமே. 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகின்றது. வீட்டில் அடுப்பும் இல்லை, பானையும் இல்லை, சேமித்த தானியமும் இல்லை. பொதுக்கூடத்து அகப்பை யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே உயிரும் இருந்தது. 1961 ஆம் ஆண்டில் அக்கூடங்கள் கலைக்கப்பட்டன. அடுப்புகள் மீண்டும் வீடு திரும்பின.

இவ்விடத்தில் நமது நாட்டையும் நாம் நினைத்தல் வேண்டும். 1952 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கையும் சீனாவும் இறப்பர் - அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ஆண்டுதோறும் நாம் 50,000 தொன் இறப்பரைக் கொடுக்க, அவர்கள் 270,000 தொன் அரிசியைத் தருவதென்பது ஏற்பாடு. ஐந்தாண்டுகளுக்கென்று தொடங்கிய அது, பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நிலவியது. நம் பெற்றோர் கூப்பன் புத்தகத்தோடு கூட்டுறவுக் கடையில் வரிசையாக நின்று வாங்கிய அரிசியில் ஒரு பங்கு யாங்சி ஆற்று வெளிகளில் விளைந்தது. உடன்படிக்கை பஞ்ச ஆண்டுகளிலும் நடைமுறையில் இருந்தது. 1959 இலும் 1960 இலும் சீன அரசு வெளிநாடுகளுக்குத் தானியம் ஏற்றுமதி செய்தே வந்தது. நம் குடும்பங்கள் அதை அறிந்திருக்கவில்லை. அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் அங்கே விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம், விளைவித்தவர் பட்டினி கிடந்த வரலாற்றை அறியாதிருத்தல் முறையன்று.

அந்நாட்டிலும் கூப்பன் முறை இருந்தது. 1955 ஆம் ஆண்டில் வந்த தானியச் சீட்டு 1993 ஆம் ஆண்டளவிலேதான் மறைந்தது. இடையில் மாற்றத்துக்கு வித்திட்டவர் அன்ஹுய் மாகாணத்துச் சியாவோகாங் கிராமத்து உழவர்கள். 1978 ஆம் ஆண்டின் இறுதியில் பதினெட்டுப் பேர் இரகசியமாகக் கூடி, நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்வதென்றும், அரசுக்குரிய பங்கைத் தவறாது செலுத்துவதென்றும், இதனால் எவரேனும் சிறை செல்ல நேர்ந்தால் அவருடைய பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை ஏனையோர் வளர்ப்பதென்றும் எழுதிக் கைச்சாத்திட்டனர். அந்த ஒப்பந்தத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் சோற்றுக் கிண்ணம் வேண்டும் என்றனர்; அதற்காக வீழ்பவனின் பிள்ளைகளை எல்லாருக்கும் பொதுவாக ஏற்றனர். விளைச்சல் பெருகியது, சில ஆண்டுகளில் நாடெங்கும் அம்முறை பரவியது. யுவான் லொங்பிங் என்னும் விஞ்ஞானி 1973 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய கலப்பின நெல்லும் விளைவைப் பெருக்கியது. அவர் 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தபோது, சாங்ஷா நகரில் மக்கள் திரள்திரளாக மலர்களோடு வந்து அஞ்சலி செலுத்தினர்.

இன்று அந்நாட்டில் உணவு குறைவில்லை, மிகுதியே தொல்லையாகியுள்ளது. உண்டு முடிக்க இயலாதவாறு படைப்பதே விருந்தின் பெருமை எனக் கருதப்பட்டமையால், எஞ்சியவை வீணாயின. தட்டைக் காலியாக்குங்கள் என்னும் இயக்கம் 2013 ஆம் ஆண்டில் எழுந்தது. 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உணவு விரயத்தைத் தடுக்கும் சட்டமே இயற்றப்பட்டது. பாடசாலைகளில் இதனைச் சொல்லிக் கொடுக்கின்றனர். தாங் காலத்துக் கவிஞர் லீ ஷென் உழவரின் உழைப்பைப் பாடிய சிறு பாட்டைச் சிறுவர் யாவரும் மனப்பாடஞ் செய்வர். நான் பார்த்த ஒரு பாடசாலையில் நண்பகல் உணவு முடிந்ததும் பிள்ளைகள் தம் தட்டைத் தாமே எடுத்துச் சென்று வைத்தனர். பின்னர் மேசைமேல் தலைசாய்த்து அரைமணி நேரம் உறங்கினர். அதிபராகிய எனக்கு அந்த அமைதி பொறாமையை ஊட்டிற்று.

ஆனால் வேறொரு குறை மெல்ல வளர்ந்து வருகின்றது. 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஒரு வீட்டில் சராசரி 4.33 பேர் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டில் அத்தொகை 2.62 ஆகக் குறைந்துவிட்டது. 1980 முதல் 2015 வரை நிலவிய ஒரு பிள்ளைக் கொள்கையும், வேலை தேடி நகரஞ் செல்லுதலும் இதற்குக் காரணங்கள். கிராமத்தில் பேரனும் பாட்டியும் இருவராக உண்பர். நகரத்தில் தந்தையோ தாயோ தனியே உண்பர். இளைஞர் பலர் கைத்தொலைபேசியில் கட்டளையிட, மஞ்சள், நீல நிறச் சட்டையணிந்தோர் மோட்டார் வண்டியில் உணவைக் கொண்டுவந்து வாயிலில் வைத்துச் செல்வர். அவ்வுணவு ஒருவருக்கென ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டது. அதில் சோறும் உண்டு, கறியும் உண்டு. ஆயினும் கறியெடுத்து வைப்பதற்குப் பக்கத்தில் இன்னொருவர் கிண்ணம் இல்லை. பீஜிங்கில் நான் தங்கிய விடுதியின் எதிரே ஓர் உணவுச்சாலையில், தனித்து உண்பவருக்கென்று சுவரை நோக்கிய ஆசனங்கள் வரிசையாக இருந்தன. நண்பகலில் அவை யாவும் நிறைந்திருந்தன.

இக்குறையைச் சீனர் உணராமலில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புத்தாண்டுக் காலத்தில், கோடிக்கணக்கானோர் புகையிரதத்திலும் பேருந்திலும் நெருக்குண்டு ஊர் திரும்புவது எதற்காக? பெரும்பாலும் ஒரே ஒரு வேளை உணவுக்காக. புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் உணவு அது. வடக்கே எல்லாரும் சுற்றியிருந்து கொழுக்கட்டை பிடிப்பர். தெற்கே ஒட்டரிசி மாவிற் பலகாரஞ் செய்வர். முழு மீன் ஒன்று மேசைக்கு வரும். மீனுக்குச் சீன மொழியில் 'யூ' என்று பெயர். மிகுதி என்னும் சொல்லும் அதே ஒலியுடையது. ஆதலின் மீனை முற்றாக உண்ணாது சிறிது மிச்சம் விடுவர். பருக்கையையும் வீணாக்காத முதியோர், அன்று மட்டும் மனமுவந்து மிச்சம் வைப்பர். வருகின்ற ஆண்டிலும் உணவு எஞ்ச வேண்டும் என்பது அவர்தம் வேண்டுதல். இப்புத்தாண்டு மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

நேயர்களே, ஒரு மக்களின் உணவைப் பற்றி ஆராய்வது நாவின் சுவையைப் பற்றி ஆராய்வதன்று. ஒவ்வொருவரின் கிண்ணத்திலும் அவருக்கென்று சோறு இருக்கின்றதா என்பது முதற் கேள்வி. அது அரசின் கடமையையும் உழவரின் உரிமையையும் பற்றியது. நடுவிலே எல்லாருக்கும் பொதுவான கலம் ஒன்று இருக்கின்றதா, அதைச் சுற்றி மனிதர் அமர்ந்திருக்கின்றனரா என்பது இரண்டாவது கேள்வி. அது குடும்பத்தைப் பற்றியது. அதற்கு விடையளிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. தனிக் கிண்ணம் பறிக்கப்பட்டபோது சீன மக்கள் பஞ்சத்தைக் கண்டனர். பொதுக் கலம் குறைந்துவரும் இந்நாளில் தனிமையைக் காண்கின்றனர். முன்னையதிலிருந்து அவர்கள் மீண்டதுபோலப் பின்னையதிலிருந்தும் மீள்வர் என்று நம்பலாம். ஆண்டுதோறும் அவர்கள் ஊர் திரும்பும் வேகமே அந்த நம்பிக்கையைத் தருகின்றது. நம் வீடுகளிலும் பிள்ளைகள் ஆளுக்கொரு வேளையில், ஆளுக்கொரு மூலையில் உண்ணத் தொடங்கியுள்ள காலம் இது. இன்றிரவு உணவுக்கு அமரும்போது நம் வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து அமர்கின்றோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.